விருப்ப ஓய்வு

அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டால் ஓய்வு பெறும் வயதுவரை கவலையில்லை என்பது நம் நாட்டாரின் நெடுநாளைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு அரசாங்கமே ஒரு விலை வகுத்து, ‘இதனைப் பெற்றுக்கொண்டு முன்னதாகவே விலகலாம்’ என்று கூறிய வரலாறும் உண்டு. அதனையே மாணவர்களாகிய உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

பெரிய தொழிற்சாலைகளில் ஆட்களைக் குறைப்பதாயின், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், பின்னர் செய்யப்பெற்ற திருத்தங்களின்படி, அரசாங்கத்தின் முன் அனுமதியைக் கோரியது. தொழிலாளர் தாமே விலகினால் அத்தடை இல்லை. இந்நிலையில், 1988 அக்டோபரில், பொதுத்துறை நிறுவனங்களுக்கென மத்திய அரசாங்கம் விருப்ப ஓய்வு விதிகளை வகுத்தது. பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 45 நாள் ஊதியம், அல்லது எஞ்சிய மாதங்களுக்குரிய ஊதியம், இவ்விரண்டில் எது குறைவோ அது வழங்கப்படும் என்பது அவ்விதி.

இதன் மிகப் பெரிய நிகழ்ச்சி தொலைபேசித் துறையில் நேர்ந்தது. 1882இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பெற்றன. பிற்காலத்தில் அரசாங்கத் துறையாகவே வளர்ந்த இப்பணி, 2000 அக்டோபர் 1 அன்று பாரத் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனத்தின் வசமாயிற்று. துறையின் ஊழியர்களும் அதனுள் சேர்க்கப்பெற்றனர்; அவர்களுக்கு அரசாங்க ஓய்வூதிய உரிமை காக்கப்பட்டது.

அலைபேசிப் போட்டியில் அந்நிறுவனம் நலிந்தது. வருவாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஊதியத்துக்கே சென்றது. 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு இசைந்தது. ஐம்பது வயது நிரம்பியோர் விண்ணப்பிக்கலாம். உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் ஊதியம். உழைக்க எஞ்சியிருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் ஊதியம். 2020 ஜனவரி 31 அன்று, ஒரே நாளில், எழுபத்தெண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடைபெற்றனர். ஒன்றரை லட்சம் பேர் கொண்ட நிறுவனத்தில் இது ஏறத்தாழப் பாதியாகும்.

விலகியோர் அனைவரும் மனமுவந்தே விலகினரா? முதுமைக்கு ஒரு தொகை, மகளின் திருமணம், சிறு தொழில் என்று எண்ணி மகிழ்ந்து சென்றவர் பலர் இருக்கக்கூடும். ஆயினும் அந்த 2019ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனத்தில் மாத ஊதியம் காலந்தாழ்ந்தது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. அடுத்த மாத ஊதியம் வருமோ வராதோ என்று ஐயுறுபவன் இடும் கையெழுத்தும், அச்சமின்றி இருப்பவன் இடும் கையெழுத்தும் தாளில் ஒன்றுபோலவே தோன்றும்.

இத்திட்டம் தவறு என்று நான் கூறவில்லை. வலிந்து வெளியேற்றுவதைவிட ஈடு தந்து அனுப்புவது மேலான முறையே. நிறுவனத்தின் ஊதியச் சுமையும் அதனால் பெரிதும் குறைந்தது. ஆனால் பல்லாண்டு பழகியோர் ஒருசேரப் போகும்போது, எந்தத் தெருவின் அடியில் எந்தக் கம்பி செல்கிறது என்னும் அறிவும் உடன் போய்விடுகிறது. அதற்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை.

நாளை நீங்களும் ஊழியராகலாம், அதிகாரியுமாகலாம். அப்போது ஓர் அளவுகோலை நினைவிற்கொள்ளுங்கள். ‘போகிறேன்’ என்பவன் சொல்லுக்கு விருப்பம் என்று பெயரிட வேண்டுமாயின், ‘இருக்கிறேன்’ என்று சொல்லவும் அவனுக்கு மதிப்பான இடம் இருத்தல் வேண்டும்.