பைக்கை ‘ஸ்போர்ட்ஸ்’ பைக்காக மாற்றலாமா? இன்ஜினில் கை வைக்கும் முன் இதைப் படிங்க!

‘சைலன்ஸரை மாத்து, இசியு-வை ரீமேப் பண்ணு, வண்டி பறக்கும்!’ மாடிஃபிகேஷன் என்றதும் பலரும் சொல்வது இதைத்தான். ஆனால், ரோட்டில் ஓட்டுவதற்காக வேகமான ஒரு கஸ்டம் பைக்கை உருவாக்க நினைப்பவர்கள் கடைசியாகத் தொட வேண்டிய இடம்தான் இன்ஜின். ஏன்? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு பைக்

சென்னை அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650-ஐ எடுத்துக்கொள்வோம். 2018-ல் வந்த இந்த பைக்கில் 648 சிசி, இரட்டை சிலிண்டர் இன்ஜின் இருக்கிறது. பவர் சுமார் 47 ஹார்ஸ்பவர், எடை சுமார் 210 கிலோ. இதே பைக்கை ரேஸுக்கு ஏற்றபடி மாற்றி, 2021 முதல் கான்டினென்டல் ஜிடி கப் என்ற போட்டியே நடக்கிறது. கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் அந்தப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு, ‘நம்ம வண்டியையும் இப்படி மாத்தினா என்ன?’ என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் டிராக்கில் எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, வளைவில் மணல் கிடக்காது. ரோடு அப்படி இல்லை.

முதலில் பிரேக், டயர்: ஏன்?

வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். 60 கி.மீ. வேகத்தில் 20 மீட்டரில் நிற்கும் வண்டி, 120 கி.மீ. வேகத்தில் நிற்க 80 மீட்டர் வேண்டும். ஆபத்தைப் பார்த்து, பிரேக்கை அழுத்துவதற்கு ஆகும் ஒரு விநாடியிலேயே வண்டி இன்னொரு 33 மீட்டர் ஓடிவிடும்.

அதனால் முதல் செலவு நல்ல பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில், தரமான டயர் ஆகியவற்றுக்குத்தான். டயர், கம்பெனி சொன்ன அதே அளவில் இருக்கட்டும். ‘லுக்’குக்காக ரொம்ப அகலமான டயரைப் போட்டால், ரிம்மில் சரியாக உட்காராது, வளைவில் வண்டி சாய்வதும் கனமாகிவிடும். ஏபிஎஸ்-ஐ கழற்றும் வேலையே வேண்டாம். 125 சிசி-க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

அடுத்து சஸ்பென்ஷன்

சஸ்பென்ஷன் ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப இருக்க வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், சஸ்பென்ஷன் மொத்தம் இறங்கக்கூடிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் சரியான செட்டிங். ரொம்ப இறுக்கமாக வைத்தால், பள்ளத்தில் டயர் ரோட்டை விட்டு எழும்பும். அந்த நொடியில் பிரேக்கும் வேலை செய்யாது.

எடை குறைந்தாலே பவர்!

70 கிலோ ரைடருடன் சேர்த்தால் இந்த பைக்கின் மொத்த எடை 280 கிலோ. அதில் 20 கிலோ குறைந்தால், பிக்கப்பில் மூன்றரை ஹார்ஸ்பவர் கூட்டியதற்குச் சமம். பிரேக்குக்கும் டயருக்கும் சுமை குறைவது கூடுதல் லாபம்.

ஆனால் இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பின் ஃபிரேமை அறுப்பது, கண்ணாடியையும் இண்டிகேட்டரையும் கழற்றுவது எல்லாம் விதிமீறல். பின்சீட்டில் இருப்பவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், துணி சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123. சாரி கார்டைக் கழற்றினால் கொஞ்சம் எடை குறையும். பின்னால் உட்காருபவரின் உயிருக்கு உத்தரவாதம் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களில் இருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது.

அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க பிரிவு 182ஏ(4) இடம் தருகிறது. சத்தம், புகை விதிகளை மீறினால் பிரிவு 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை. லைசென்ஸும் 3 மாதத்துக்குப் பறிபோகும்.

சைலன்ஸர், இசியு மாற்றினால்?

புகையில் இருக்கும் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால், 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிஎஸ்6 விதியை வண்டி மீறிவிடும். சைலன்ஸரை மட்டும் மாற்றி, பெட்ரோல்-காற்று கலவையைச் சரிசெய்யாமல் விட்டால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகவும் வாய்ப்புண்டு. இவ்வளவு செய்தும் கூடுவது பெரும்பாலும் சில ஹார்ஸ்பவர்தான். சத்தம் மட்டும் நிறையவே கூடும்!

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

மாற்றங்களை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், க்ளைம் நிராகரிக்கப்படலாம். லட்சங்களில் செலவு செய்த வண்டிக்கு ஒரு ரூபாய்கூட வராமல் போகலாம்.

கவனிக்க வேண்டியவை

* வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும்.
* கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பத்திரமாக வையுங்கள், பில்களையும் சேர்த்துத்தான்.
* பிரேக், டயர், சஸ்பென்ஷன், எடை என்ற வரிசையில் போங்கள். இன்ஜின் கடைசி.
* முழு வேகத்தையும் பார்த்தே ஆகணும் என்றால், அதற்கு இடம் ரேஸ் டிராக். ஈசிஆர் அல்ல.