கட்டங்களுக்குள் ஒரு முகம்

கல்லிலும் சுதையிலும் துணியிலும் உருவங்களைச் சமைத்த மனிதன், நிழற்படம் ஒன்றை எண்களாக்கிக் கணிப்பொறிக்கு முதன்முதலில் ஊட்டியது 1957-ஆம் ஆண்டில். அமெரிக்க அரசின் அளவை ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த ரசல் கிர்ஷ் என்பார், மூன்று திங்கள் நிரம்பிய தம் ஆண் மகவின் படத்தைச் சுழலும் உருளையொன்றில் பொருத்தி, ஒளியுணரும் கருவியால் துருவச் செய்தார். ஐந்து சென்டிமீட்டர் சதுரமேயான அப்படம் 30,976 கட்டங்களாகப் பிரிந்தது. கட்டந்தோறும் பொறி கேட்ட வினா ஒன்றே: ஒளியா, இருளா? சாம்பல் நிறத்தை அஃது அறியாது. ஆதலின், ஒளியின் எல்லையை மாற்றி மாற்றிப் பலமுறை துருவி, அவற்றை ஒன்றுசேர்த்தே குழந்தையின் கன்னத்து நிழலைப் பெற்றனர். வெப்ப அணுகுண்டுக் கணக்குகளையும் போட்ட பொறி அது. அதற்குத் தந்தையொருவர் தம் பிள்ளையின் முகத்தைக் காட்டினார்!

ஓவிய உலகம் இதனை உடனே வரவேற்றதென்று கூறவியலாது. 1966-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் லியான் ஹார்மன், கென்னத் நோல்டன் என்ற இருவர், நடனமாது ஒருத்தியின் உருவத்தைப் பன்னிரண்டடி நீளத்தில், மின்னணுவியற் குறியீடுகளாலேயே அமைத்தனர். மேலாளர் ஒருவரின் அறைச் சுவரில் ஒட்டி வேடிக்கை காண்பதே அவர்கள் நோக்கம்! அதுவே 1968-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிச்சாலையை அடைந்தது.

மாணவ நேயர்களே, அப்படத்தை அண்மையில் நின்று நோக்கின் குறியீடுகளே தெரியும். விலகி நின்றால்தான் மாது தோன்றுவாள். இஃது ஏன்? ஹார்மன் தொடர்ந்து ஆராய்ந்தார். ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சதுரங்களாகக் குறைத்து, 1973-இல் வெளியிட்டார். சதுரங்களின் கூரிய விளிம்புகளே முகத்தை மறைக்கின்றன. கண்ணைச் சுருக்கினாலோ, தொலைவிற் சென்றாலோ விளிம்பு மங்கி முகம் வெளிப்படுகிறது. பொறி தந்தவை கட்டங்களே. அவற்றை முகமாக்கியது நம் கண்ணும் நினைவும். லிங்கனை ஒருபோதும் கண்டிராத ஒருவனுக்கு அங்கே யாரோ ஒரு மனிதன் தெரிவானேயன்றி லிங்கன் தெரியான்.

அந்தச் சதுரங்களை எடுத்துக்கொண்டு, 1976-இல் இஸ்பானிய ஓவியர் சல்வதோர் டாலி தூரிகையால் பெரியதோர் ஓவியம் தீட்டினார். அருகே நின்றால், அவர் மனைவி காலா சாளரத்து வழியே மத்தியதரைக் கடலை நோக்குகிறாள். இருபது மீட்டர் விலகினால் லிங்கன் நம்மை நோக்குகிறார். பொறியின் வழியைக் கை பின்பற்றிய விந்தை இது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டாலி காட்சிச்சாலையில் இதனைக் காணலாம்.

கிர்ஷ் என்ன ஆனார்? இன்று நம் கைபேசிப் படங்கள் அனைத்தும் அவர் வகுத்த சதுரக் கட்டங்களையே பின்பற்றுகின்றன. அவரோ, சதுரத்தைத் தேர்ந்தது பிழையென வருந்தி, எண்பது வயதைக் கடந்த பின்னரும் வேறு வடிவக் கட்டங்களால் உருவங்களை அமைக்க முயன்றார். 2020-இல் மறைந்தார்.