அடுத்தாள், மேலாள், முதலாளி

சிங்கப்பூர் மார்க்கெட் தெரு கிட்டங்கிகளில் ஓர் ஏணி இருந்தது. பெட்டியடிப் பையனாக நுழைகிறவன் பேரேடு எழுதப் பழகி அடுத்தாள் ஆவான். அப்புறம் மேலாள், அதாவது ஏஜெண்டு. செட்டிநாட்டில் இருக்கும் முதலாளியின் பணத்தை இங்கே வட்டிக்கு விடுவார். மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் அடுத்து வருபவரிடம் பேரேட்டை ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறுவார். கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருடையது, முதல் மட்டும் அவருடையது இல்லை.

இன்று பொங்கோலில் ரயிலேறி, டோபி காட்டில் மாறி, ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கும் இளம் கணக்காளருக்கு ஏணி நீண்டிருக்கிறது. நிதித் தலைவர், தலைமை நிர்வாகி, கடைசியில் இயக்குநர் குழு. முதல் போடாமலே முதலாளியின் நாற்காலி! அது எவ்வளவு உறுதியானது என்று தெரிய ஆர். சேஷசாயியின் கதையைப் பார்க்கணும்.

பட்டயக் கணக்காளரான சேஷசாயி 1971இல் இந்துஸ்தான் லீவரில் சேர்ந்தார். 1976இல் சென்னை அசோக் லேலண்ட். லாரியும் பஸ்ஸும் செய்யும் கம்பெனி; எஞ்சினியர்களின் கோட்டை. அங்கே கணக்குக்காரர் ஒருவர் 1998இல் நிர்வாக இயக்குநர் ஆனது சின்ன விஷயமில்லை. 2006இல் செக் நாட்டு ஏவியா லாரித் தொழிலை வாங்கினார்கள். அதே ஆண்டு இந்தியத் தொழில் கூட்டமைப்பின் தலைவர் பதவி; இண்டஸ்இண்ட் வங்கிக்கும் தலைவராக இருந்தார். இதெல்லாம் இந்துஜா குடும்பம் முதலாளி என்பது எல்லாருக்கும் தெரிந்த இடங்கள். குழப்பமில்லை.

குழப்பம் இன்ஃபோசிஸில். 2011இல் இயக்குநராகச் சேர்ந்தவர், கே.வி. காமத் பிரிக்ஸ் வங்கிக்குப் போனதும் 2015 ஜூனில் தலைவரானார். நிறுவனர்கள் யாரும் குழுவில் இல்லை. அவர்கள் குடும்பங்களிடம் இருந்த பங்கு 13 விழுக்காட்டுக்கும் குறைவு. சட்டப்படி பார்த்தால் முதலாளியே இல்லாத வீடு. நாராயண மூர்த்தி அப்படி நினைக்கவில்லை.

2015 அக்டோபரில் விலகிய நிதித் தலைவருக்கு 17.38 கோடி ரூபாய் தருவதாகக் குழு ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய ஐந்து கோடி கொடுத்த பிறகு மிச்சத்தை நிறுத்தியது. இது எதற்கான பணம் என்று மூர்த்தி வெளிப்படையாகக் கேட்டார். கூடவே, 20 கோடி டாலருக்கு வாங்கிய இஸ்ரேலின் பனாயா நிறுவனத்தைப் பற்றிய சந்தேகங்களும் கிளம்பின. பனாயா விஷயத்தை விடுங்கள். அந்த 17 கோடி, கணக்குப் படித்தவர் தலைமையில் இருந்த குழு தன்னையே முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொருத்தர் வந்து கேட்கும்படி விட்டிருக்கக் கூடாது.

ஆனால் அடுத்து நடந்ததைக் கணக்குத் தீர்மானிக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 18 அன்று தலைமை நிர்வாகி விஷால் சிக்கா விலகினார். மூர்த்தியின் தொடர்ந்த தாக்குதல்தான் காரணம் என்று குழு அறிக்கை விட்டது. ஆறே நாளில் சேஷசாயியும் போனார். நாற்காலிக்கு வந்தவர் நந்தன் நிலேகனி, நிறுவனர்களில் ஒருவர். பதின்மூன்று விழுக்காடுகூட இல்லாத முதலுக்கு அவ்வளவு பலம்!

பனாயாவில் தவறு எதுவும் நடக்கவில்லை என்ற பழைய விசாரணை முடிவையே அக்டோபரில் நிலேகனியின் குழுவும் ஏற்றுக்கொண்டது. நிறுத்திவைத்த பாக்கிக்காக முன்னாள் நிதித் தலைவர் நடுவர் மன்றம் போனார். வட்டியோடு 12.17 கோடி கொடு என்று 2018 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அப்போது சேஷசாயி அந்தக் குழுவில் இல்லை.