கல்லில் எழுதிய சம்பளப் பதிவேடு

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜ சோழன் காலத்துச் சாசனங்கள் பல உண்டு. அவற்றுள், நாடு வென்றதையும் பொன்னும் மணியும் வழங்கியதையும் விஸ்தரிப்பவற்றைக் காட்டிலும், கோயிலில் வேலை செய்வோர் இன்னார், அவர்கள் ஆண்டுதோறும் பெறவேண்டிய நெல் இவ்வளவு என்று ஒருவரையும் விடாமல் மதிலில் பதிந்துவைத்த ஒரு நீண்ட சாசனமே என் மனத்தை அதிகமாகக் கவர்வது. அவ்வரசனின் 29-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அதாவது கி.பி. 1014-ஐ ஒட்டிய இச்சாசனத்தை, ஹுல்ஷ் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். தொழிற்சாலைகளிலும் வியாபார ஸ்தாபனங்களிலும் சம்பளக் கணக்கு எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்று ஆராய்வோர் இதனை ஒருமுறையேனும் நிதானமாகப் படித்துப் பார்ப்பது மிகுந்த பிரயோஜனம் தரும்.

சோழ மண்டலத்துப் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலைச் சார்ந்த சேரியில் குடியிருந்து பணிசெய்த பெண்கள், 400 பேர் இதில் இடம்பெறுகின்றனர். வெறுந்தொகையாக அன்று, இன்ன தளிச்சேரி, தெருவின் இன்ன சிறகு, அதில் எத்தனையாவது வீடு, அவ்வீட்டில் இருப்பவள் பெயர், அவள் முன்பு இருந்த ஊர், அவ்வூரில் அவள் சேர்ந்திருந்த கோயில் என ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே விவரம் குறிக்கப்பட்டுள்ளது. ஒரே பெயருடையார் பலர் இருப்பினும், ஒருத்திக்கு உரிய நெல்லை மற்றொருத்தி பெயரில் வாங்கிவிட இடமில்லை. இல்லாத ஆளைப் பட்டியலில் சேர்த்துக் கூலியைக் கையாடவும் இடமில்லை, ஏனெனில் எந்த வீட்டின் கதவைத் தட்டிப் பார்க்கவேண்டும் என்பதைக் கல்லே சொல்லிவிடுகிறது.

கூலியை வகுத்த முறை அதனினும் நுட்பமானது. ‘பங்கு’ என்று ஓர் அளவை முதலில் நிர்ணயித்து, ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் என்று விதித்து, அதன்பின் பெண்டுகளுக்கு ஒரு பங்கு, நட்டுவம் செய்வோருக்கு இரண்டு பங்கு, ஏனைய பணியாளருக்கு அவரவர் தொழிலுக்கேற்ப ஒன்றரை, முக்கால், அரை என்று பகுத்துச் சென்றனர். நெல்லை அளக்கும் மரக்காலும் எழுதுவோன் விருப்பத்துக்கு விடப்படவில்லை. இராஜகேசரி என்னும் அரசாங்க அளவைக்கு ஒத்த, ‘ஆடவல்லான்’ என்று இறைவனின் பெயர் சூட்டிய மரக்காலாலேயே அளக்கவேண்டும் என்பது விதி. இதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் ஒன்று உண்டு. கோயிலுக்கென அளித்த கிராமங்களின் நிலத்தை நுண்ணிய பின்னங்கள் வரை கணக்கிட்டு, ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களைக் கழித்து, எஞ்சிய நிலம் செலுத்தவேண்டிய காணிக்கடனைக் கூறும் மற்றைச் சாசனங்களிலும் இதே ஆடவல்லான் மரக்காலே வருகின்றது. வருகின்ற நெல்லும் கொடுக்கின்ற நெல்லும் ஒரே அளவையில் நின்றமையால், பெரிய மரக்காலால் வாங்கிச் சிறிய மரக்காலால் கொடுக்கும் பழைய அநியாயத்துக்கு இங்கே வழி அடைபட்டது.

திருப்பதியம் பாடுவோர் நாற்பத்தெண்மருக்கும், உடன் உடுக்கையும் மத்தளமும் வாசிக்கும் இருவருக்கும் ஏற்பட்ட நிவந்தம் வேறொரு சாசனத்தில் உள்ளது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். பன்னிரண்டு குறுணி கொண்டது ஒரு கலமாதலால், 360 நாள் கொண்ட ஆண்டுக்கு இது தொண்ணூறு கலமாகும். அரை நூற்றாண்டுக்குப் பின்னர், வீரராஜேந்திரன் காலத்தில், திருமுக்கூடல் கோயிலை ஒட்டிப் பதினைந்து படுக்கைகளுடன் நடைபெற்ற ஆதுலசாலையின் வைத்தியருக்கு விதிக்கப்பட்ட நெல்லும் தொண்ணூறு கலமே. அதனுடன் எட்டுக் காசும் உண்டு. சல்லியக்கிரியை செய்பவருக்கு முப்பது கலம் என்றும், நாவிதருக்குப் பதினைந்து கலம் என்றும் அச்சாசனம் கூறுவதைப் பார்க்குங்கால், உத்தியோகத்துக்கேற்ற கூலியை எழுத்தில் நிறுத்தும் பழக்கம் தஞ்சையோடு முடிந்துவிடவில்லை என்பது விளங்கும்.

கல்லில் பெயர் பொறித்தால் திருத்த இயலாதே, ஆள் இறந்தால் என் செய்வது என்னும் ஐயம் எவருக்கும் எழக்கூடியதே. தஞ்சைப் பட்டியலை வகுத்தவர்கள் அதையும் சிந்தித்திருக்கின்றனர். ஒருவர் இறந்தாலும் ஊரைவிட்டுப் போனாலும் அவருக்கு அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்று அவ்வேலையைச் செய்யவேண்டும். அவ்வுறவினர் தாம் அதற்கு யோக்கியரல்லராயின் யோக்கியமான வேறொருவரை நியமித்து வேலையை நடத்துவிக்கவேண்டும். உறவினரே இல்லாவிடில் அத்தொழிலில் உள்ள மற்றவர்கள் கூடித் தக்கவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். கூலி ஆளைச் சேர்ந்ததாயினும் வேலை ஸ்தானத்தைச் சேர்ந்தது என்னும் தெளிவு இவ்விதியில் இருக்கின்றது. 1936-ஆம் வருஷத்துக் கூலி வழங்கற் சட்டம், கூலிக்காலம் ஒரு மாதத்தைத் தாண்டலாகாது என்றும், ஆயிரம் பேருக்குக் குறைந்த ஆலைகளில் ஏழாம் நாளுக்குள் கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்றும் கட்டளையிட்டுத் தொழிலாளிக்குப் பெரும் உபகாரம் செய்தது உண்மை. எனினும், தன் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருப்பது என்ன என்பதை உழைப்பவன் பிறர் தயவின்றி அறியும்படி கணக்கைப் பகிரங்கமாக வைப்பதில், நம் ஆலைகளும் கடைகளும் அந்தத் தஞ்சை மதிலை இன்னும் எட்டவில்லை என்றே கருதுகிறேன்.

இவ்வளவு புகழத்தக்க பதிவேட்டிலும் ஒரு பெருங்குறை என் நெஞ்சை உறுத்தாமலில்லை. அந்த 400 பெண்களும் தத்தம் ஊரையும் உற்றாரையும் விட்டுத் தஞ்சைக்கு மனமுவந்து வந்தனரா, அரசாணைக்கு அஞ்சி வந்தனரா என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. எழுதியவர்களுக்கு வேண்டியிருந்தவை வீட்டின் வரிசையும் பங்கின் அளவுமே. பெயருக்கு முன்னே ‘நக்கன்’ என்னும் பொது அடைமொழி நிற்பதனால், அவர்கள் எவர் பெற்ற மக்கள் என்பதும் நமக்குத் தெரிய வழியில்லாமற் போயிற்று.