கழுவெளியும் ஒரு பழைய கவுலும்

திண்டிவனத்திலிருந்து சென்னைப் பக்கம் சுமார் ஒரு மணி நேரத் தூரம், வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டுத் தள்ளுகிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுக்கும் கவுல் கிடைத்தது. வெறும் பறவைப் பாசமா? இல்லைங்க. எச்சம் கலந்த ஏரித் தண்ணிதான் வயலுக்கு உரம். பறவை போனால் விளைச்சலும் போச்சு.

அமெரிக்காவில் கணக்கே வேறு. 1934 முதல் நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் வாத்து முத்திரை வாங்கியாக வேண்டும். அந்தப் பணம் சதுப்பு நிலங்களைக் காக்கப் போகிறது. நம் 1972 வனவிலங்குச் சட்டத்திலும் உரிமம் வாங்கிச் சுட இடமிருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவை மூடியது.

மரக்காணம் பக்கத்துக் கழுவெளி, சுமார் 5,151 ஹெக்டேர், 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது. 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இத்தனை பெரிய சதுப்பில் கள்ள வேட்டையை வனக்காவலர்கள் மட்டும் தடுத்துவிட முடியுமா? வேடந்தாங்கலில் காவல் காத்தது ஊர். கழுவெளி ஓரத்து விவசாயிக்கும் மீனவருக்கும் பறவையால் என்ன லாபம் என்று யோசிக்காமல் பலகை மட்டும் நட்டால் பத்தாது.

பார்க்கப் போகிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. வழியில் யாராவது கொக்குக் கறி விற்றால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை வலை விரிப்பவரும் இருப்பார்.