அளவெடுக்கப்படாத பாதங்கள்



இரட்டைமலை சீனிவாசன் நினைவாக ஒரு வரலாற்று உரை வேண்டும் என்று அமைப்பின் நண்பர்கள் கேட்டபோது, வட்டமேசை மாநாடு பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நாங்கள் ஒரு ஜோடி பூட்ஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கறுப்பு ரப்பர் பூட்ஸ், முழங்கால் உயரம், அளவு 9. வன்னியம்பட்டிப் பக்கமிருந்து விடியற்காலையில் நகரத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போகும் ஓர் அக்காவுக்குக் கொடுக்கப்பட்டது. அவருடைய கால் அளவு 5. அந்த பூட்ஸ் குப்பை வண்டியின் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்குகிறது. அவர் ஹவாய் செருப்போடு வாறுகாலில் இறங்குகிறார்.

இதைச் சுட்டிக்காட்டியபோது மேற்பார்வையாளர் ஒருவர் சொன்ன பதில், உங்களில் பலருக்கும் பழக்கமான பதில்தான்: “குடுத்தாலும் போட மாட்டாங்க சார். அவங்களுக்குப் பழக்கம் இல்ல.” இந்தப் பழக்கமின்மைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எதையும் எந்தச் சாதியாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அரசாணையும் வந்தது. தெருவில் நடக்க உரிமை வந்துவிட்டது, காகிதத்தில். ஆனால் எப்படி நடப்பது? காலில் எதைப் போட்டுக்கொண்டு நடப்பது? அதற்கு ஊர் வேறு சட்டம் வைத்திருந்தது.

ஆறே ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன், கள்ளர் சாதியினர் விதித்தவை என்று இவற்றைத் தன் அறிக்கையில் பதிந்திருக்கிறார். பின்னாளில் அம்பேத்கரும் எடுத்துக்காட்டினார். பொன் வெள்ளி நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, சட்டை கூடாது, முடி வெட்டக் கூடாது, மண்பானை தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது. எட்டாவது தடை: ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஜூனில் தடைகள் பதினொன்றாயின.

அந்தப் பட்டியல் நம் ஊர்களைப் பெயரிட்டுப் பேசவில்லை. ஆனால் திருவில்லிபுத்தூர் 1910 முதல் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. 1985இல்தான் விருதுநகர் தனி மாவட்டமானது. ஊர்த்தெரு முனையில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்த கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு விசேஷத் தகவலாகச் சொன்னதேயில்லை. “மழை பெய்ஞ்சா நனைவோம்ல” என்பதுபோலச் சொன்னார்கள்.

எட்டாவது தடையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குடையும் செருப்பும் ஒரே வரியில் ஏன் வந்தன? நகையும் பூவும் மதிப்பின் அடையாளங்கள், அவற்றைத் தடுப்பது அந்தஸ்தைத் தடுப்பது. குடையும் செருப்பும் அந்தஸ்து மட்டுமல்ல, உடம்புக்குப் பாதுகாப்பும்கூட. ஒன்று தலைக்கு, ஒன்று காலுக்கு. வெயிலில் அதிகம் நிற்பவரும் முள்ளில் அதிகம் நடப்பவரும் யாரோ, அவருக்குத்தான் இரண்டும் மறுக்கப்பட்டன. சமூகவியல் வகுப்பில் தீட்டு, தூய்மை என்று நிறையப் படித்தோம். அதைவிட இந்த ஒரு வரி எங்களுக்கு அதிகம் கற்பித்தது. உழைக்கும் உடம்பு காயப்பட வேண்டும், அந்தக் காயம் வெளியே தெரியவும் வேண்டும் என்று சாதி விரும்பியிருக்கிறது.

நம் கரிசல் பக்கத்துப் பாதங்களுக்கென்றே ஒரு சொல்லகராதி உண்டு: பித்தவெடிப்பு, சேற்றுப்புண், கால் ஆணி. அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் அன்றைக்கு ஆண்கள் காட்டுக்குப் போனார்கள். நெருஞ்சி, உடை, கருவேலம், பிறகு வந்து சேர்ந்த சீமைக்கருவேலம். முள்ளை எடுக்க இரும்பில் ஒரு கருவி செய்துகொள்ளலாம், முள் குத்தாமலிருக்கத் தோலில் ஒன்று செய்துகொள்ளக் கூடாது! கண்ணுக்குத் தெரியாத ஆபத்து வேறு. வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும் கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்து ஆளை வெளுக்க வைக்கும். அப்படி வெளுத்துச் சோர்ந்தவனைத்தான் பண்ணையார் சோம்பேறி என்றார்.

தமிழனுக்கு பூட்ஸ் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்கிறோம். பெரும்பாணாற்றுப்படையில் “அடிபுதை அரணம்” என்றொரு சொல் வருகிறது. அடி புதையும்படி அணியும் காவல். பூட்ஸுக்கு இதைவிட நல்ல தமிழ் கிடையாது. அணிந்திருந்தவர்கள் நெடுவழி போன வணிகர்கள். அந்தக் காலத்திலேயே காலை மூடும் தொழில்நுட்பம் இங்கே இருந்தது என்றால், அதைச் செய்த கையும் இங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கைகளைப் பற்றிப் பேசாமல் இந்த உரை நகராது. செத்த மாட்டைத் தூக்கியது, உரித்தது, சுண்ணாம்பில் ஊறப்போட்டது, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்தியது, தைத்தது எல்லாம் நம்மவர்கள், குறிப்பாக அருந்ததியர். கிணற்றுப் பாசனத்துக் கமலையின் தோல்பறியையும் வாலையும் அவர்கள்தான் தைத்துக் கொடுத்தார்கள். பறி கிழிந்தால் வயல் காயும். சம்சாரிக்குச் செருப்பு தைக்கும்போது அவர் காலைத் தோல்மீது வைக்கச் சொல்லிச் சுற்றிக் கோடு கிழிப்பார்கள். பெருவிரல் எவ்வளவு அகலம், குதிகால் எந்தப் பக்கம் தேய்கிறது என்பதெல்லாம் தைப்பவருக்கு மனப்பாடம். ஊரில் உள்ள ஒவ்வொரு பாதத்தின் அளவும் அவருக்குத் தெரியும். அவர் பாதத்தின் அளவு மட்டும் யாருக்கும் தேவைப்படவில்லை.

1903இல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனத்தில் முதலில் இருந்தவற்றில் ஒன்று இந்தக் கமலைப் பறிதான். ஆவாரம்பட்டைத் தோல் நனைந்து காய்ந்தால் விறைக்கும், குரோம் தோல் தண்ணீரைத் தாங்கும். செருப்பும் பூட்ஸும் பின்னே வந்தன. முதல் உலகப் போர் வந்தபோது, சென்னை மாகாணத்தில் பட்டைச்சாறில் பதனிட்ட மாட்டுத்தோலை அரசே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. ராணுவ பூட்ஸின் மேல்பாகத்துக்கு அது தேவைப்பட்டது. ஐரோப்பாவின் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சிப்பாயின் காலைக் காத்த தோலில் ஒரு பகுதி நம் சேரிகளிலிருந்து போனது. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் அந்த எட்டாவது தடை.

பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். முத்துப்பட்டன் என்ற பிராமணன், வாலப்பகடையின் மகள்கள் இருவரை மணக்கப் பூணூலை அறுத்துச் செருப்புத் தைக்கக் கற்றான் என்பது கதை. நா. வானமாமலை அதைப் பதிப்பித்திருக்கிறார். எல்லாச் சாதியாரும் வந்து அந்தச் செருப்பைக் கும்பிடுகிறார்கள். தைத்தவரின் தெருவுக்கு அவர்களில் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

இனி அந்தத் தொங்கும் பூட்ஸுக்குத் திரும்புவோம். அவர் ஏன் அதைப் போடவில்லை? நாங்கள் போட்டுப் பார்த்தோம். பாதம் உள்ளே நீந்துகிறது, குதிகால் உரசித் தோல் வழன்றுவிடுகிறது. ஆண்கள் பலருக்குச் சிக்கல் வேறுமாதிரி. தலைமுறையாக வெறுங்காலில் நடந்தவர்களின் பாதம் விரல்பக்கம் விசிறிபோல விரிந்திருக்கும். கடையில் வரும் பூட்ஸ் குறுகலான அச்சுக்கட்டையில் செய்தது. நீளம் சரியாக இருந்தால் அகலம் கடிக்கும், அகலம் பார்த்து வாங்கினால் நீளம் மிஞ்சும். பழக்கம் இல்லை என்று அந்த மேற்பார்வையாளர் சொன்னாரே, அது இந்த அகலக் கணக்குதான்.

எங்கள் பேருந்து நிலையத்தருகே குடை நிழலில் உட்கார்ந்து தைக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டோம். அவர் சொன்னதை எங்கள் சொல்லில் தருகிறோம். கால் சாயங்காலம் வீங்கும், அதனால் சாயங்காலம் அளவெடு. இரண்டு காலும் ஒன்றில்லை, பெரிய காலுக்கு வாங்கு. வேலைக்குப் போடும் காலுறையைப் போட்டுக்கொண்டே போட்டுப் பார். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல்கடை இடம் வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. எல்லா வேலைக்கும் ஒரே பூட்ஸ் என்பது ஏமாற்று. மூட்டை இறக்குகிறவனுக்கும் சிமெண்ட் ஆலைக்காரனுக்கும் விரல்மேல் இரும்புத் தொப்பி வேண்டும். (ஐ.எஸ். 15298 தரத்தின் பாதுகாப்புக் காலணி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொள்ளலாம்.) நாள் முழுக்கக் கூட்டிப் பெருக்குகிறவருக்கு அந்த இரும்பு வெறும் பாரம், வழுக்காத அடியுள்ள, இலேசான, மூடிய ஷூ போதும். குப்பை பிரிப்பவருக்கு ஊசியும் கண்ணாடியும் ஏறாத நடுத்தகடு வேண்டும். வாறுகாலுக்கு மட்டும்தான் முழங்கால் ரப்பர்.

ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்தால் பத்தாது. வியர்வை உள்ளேயே நிற்கும், ஒரு ராத்திரியில் காயாது, ஈரத்தோடு மறுநாள் போட்டால் சேற்றுப்புண்தான். இரண்டு ஜோடி, மாற்றி மாற்றி. சோப்புப் போட்டு உள்ளும் வெளியும் கழுவி, கம்பில் கவிழ்த்து நிழலில் காய வைக்க வேண்டும். வெயில் ரப்பரை வெடிக்க வைக்கும். தோல் பூட்ஸ் நனைந்தால் அடுப்போரம் வைக்காதே, தாளைத் திணித்து நிழலில் வை, காய்ந்தபின் விளக்கெண்ணெய் கொஞ்சமாகத் தடவு. இன்னொன்றையும் சொன்னார், எங்களுக்கு அது புதிது: பாலியூரித்தேன் அடி கிடங்கில் சும்மா கிடந்தாலே ஈரக்காற்றில் நாளாக நாளாக மக்கும். பார்க்கப் புதிதாக இருக்கும், போட்ட வாரத்தில் அடி உதிரும். வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பார்க்க வேண்டும்.

கழுவ எங்கே குழாய், காயவைக்க எங்கே இடம், மாற்றிக்கொள்ள எங்கே அறை என்று அவர் கேட்டார். எங்களிடம் பதிலில்லை.

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவி தராமல் சாக்கடையிலோ கழிவுத்தொட்டியிலோ ஆளை இறக்குவதைத்தான் ‘ஆபத்தான துப்புரவு’ என்று வரையறுத்துத் தடை செய்கிறது. 1993 முதல் சாக்கடையில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தத்தில், பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1930இன் எட்டாவது தடைக்கு இந்தியச் சட்டப் புத்தகம் பெயர் சொல்லிப் பதில் எழுத எண்பத்தைந்து ஆண்டு ஆகியிருக்கிறது. ஆனால் இந்தச் சட்டங்களில் ‘கொடு’ என்று இருக்கிறது, ‘தடுக்காதே’ என்று இருக்கிறது. ‘அளவெடு’ என்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே அளவெடுத்தோம். சமுதாயக்கூடத் திண்ணையில் பழைய நாளிதழ்த் தாளை விரித்து, கால் வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைவது என்று திட்டம். முதலில் வந்த அக்கா காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். “எழுத்து மேலயா தம்பி கால வைக்கச் சொல்றீங்க? பாவம்ல.” அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்களில் ஒருவர் கடைக்கு ஓடிப்போய்ப் பழுப்புத் தாள் வாங்கி வந்தார்.

அதில் வைத்தார்கள். குதிகால், நடுப்பாதம், விரல் அகலம் என்று மூன்று இடத்தில் அளந்து, வேலை என்ன என்பதையும் ஓரத்தில் குறித்தோம். ஒரு பெரியவர் தன் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “எங்கய்யா கால் மாதிரியே இருக்கு” என்றார். அவருடைய அய்யா செருப்புத் தைத்தவர்.

தாள்களைக் கட்டி மனுவோடு அலுவலகத்தில் கொடுத்தோம். ஒப்பந்தப் புள்ளியில் 7, 8, 9 என்ற மூன்று அளவுகள்தான் இருப்பதாகவும், அடுத்த கொள்முதலில் பரிசீலிப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் எங்களிடம் இருக்கின்றன. தாள்களின் நகல் ஒரு கட்டு இந்த அரங்கின் வாசல் மேசைமேல் இருக்கிறது.