இருபது ஆண்டுப் பயிர்

நெல் நான்கு மாதத்தில் பலன் தரும்; தென்னை சில ஆண்டுகளில் காய்க்கும். மாணவர் ஒருவருக்கு அளிக்கப்படும் ஆராய்ச்சி உதவி எப்போது பலன் தரும்? பசியை வெல்லும் முயற்சியின் வரலாற்றில் இக்கேள்விக்கு ஒரு தெளிவான விடை இருக்கிறது. அதனை இங்குக் காண்போம்.

குடிசையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

எத்தியோப்பிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில், ஓர் அறை கொண்ட கூரைக் குடிசையில் 1950 ஆம் ஆண்டு பிறந்தவர் கெபிசா எஜெட்டா. மகன் படித்தே தீரவேண்டும் என்பதில் அவருடைய தாய் உறுதியாக இருந்தார். பள்ளியோ 20 கிலோமீட்டர் தொலைவில்! ஞாயிறு இரவு நடந்து சென்று, வாரம் முழுவதும் தங்கிப் படித்து, வெள்ளியன்று நடந்தே வீடு திரும்புவார். பின்னர் ஜிம்மா வேளாண்மைப் பள்ளியிலும் அலெமாயா கல்லூரியிலும் பயின்றார். இவ்விரண்டும் அமெரிக்க அரசின் உதவியுடன் உருவானவை.

1973 இல் சோள வகைகளைத் திரட்டும் பணியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஆக்ஸ்டெலுக்கு எஜெட்டா துணைசெய்தார். இளைஞரின் திறமையைக் கண்ட பேராசிரியர், தம்மிடம் ஆய்வு மாணவராகச் சேரும்படி அழைத்தார். 1974 இல் பர்டியூவில் சேர்ந்த எஜெட்டா, 1978 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

முதல் விளைச்சல்

படிப்பு முடிந்ததும் அவர் ஆப்பிரிக்காவுக்கே திரும்பினார். ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் தலைமையகம் கொண்ட இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தின் சார்பில், சூடான் நாட்டில் பணியாற்றினார். அவர் உருவாக்கிய, வறட்சியைத் தாங்கும் வீரிய ஒட்டுச் சோளமான ‘ஹகீன் துரா-1’ 1983 இல் வெளியிடப்பட்டது. சோதனை வயல்களில் அது நாட்டு வகைகளைவிட 50 முதல் 100 விழுக்காடு வரை மிகுதியாக விளைந்தது. 1999 வாக்கில் சூடானில் 10 லட்சம் ஏக்கரில் அறுவடையாயிற்று.

மண்ணுக்குள் ஒரு வானொலி

சோளத்திற்கு வறட்சியைவிடக் கொடிய பகை ஒன்று உண்டு. நம் உழவர்கள் சுடுமல்லி என்று அழைக்கும் ஒட்டுண்ணிக் களையின் இனத்தைச் சேர்ந்தது அது. அதன் விதை தூசி போன்றது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும்.

அருகில் பயிரின் வேர் இருப்பது அந்த விதைக்கு எப்படித் தெரியும்? ஒரே அலைவரிசையில் வைக்கப்பட்ட வானொலிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். வேறு எந்த ஒலிபரப்பும் அதில் கேட்காது. தனக்குரிய அலை வந்ததும் பேசத் தொடங்கும். இங்கே அலைக்குப் பதிலாக ஒரு வேதிப்பொருள். பயிரின் வேர் கசியவிடும் அப்பொருள் பட்டதும் விதை விழித்து, முளைத்து, வேரைப் பற்றி நீரையும் சத்தையும் உறிஞ்சும். களை மண்ணுக்கு மேலே தலைகாட்டும் முன்பே பயிருக்குப் பெருங்கேடு விளைந்துவிடும். ஆகவே பிடுங்கி எறிவதால் மட்டும் பயனில்லை.

இத்தகைய பொருள் ஒன்றை 1966 இலேயே பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர். 1984 இல் பர்டியூவில் ஆசிரியரான எஜெட்டா, உயிர்வேதியியலார் லாரி பட்லருடன் சேர்ந்து சோளத்தில் இதனை ஆராய்ந்தார். சில சோள வகைகள் அப்பொருளை மிகக் குறைவாகவே கசியவிடுகின்றன. ஒலிபரப்பு இல்லையேல் வானொலி எப்படிப் பேசும்? அப்பண்பை நல்ல விளைச்சல் தரும் வகைகளில் அவர்கள் கலப்பினால் புகுத்தினர். 1994 இல் 8 டன் விதை 12 ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்றது.

கணக்கைப் பாருங்கள்

1974 இல் சேர்ந்த மாணவர். 1994 இல் உழவர் கையில் விதை. இடையே இருபது ஆண்டுகள்! பத்தாம் ஆண்டில் யாரேனும் கணக்குக் கேட்டிருந்தால் ஹகீன் துரா மட்டுமே வரவாகத் தெரிந்திருக்கும். சுடுமல்லியை வென்ற சோளம் ஏட்டில் ஏறியிராது. 2009 இல் எஜெட்டாவுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அப்பரிசை 1987 இல் முதன்முதலாகப் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். அவரும் 1949 இல் யுனெஸ்கோ உதவித்தொகை பெற்று, உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்காக நெதர்லாந்து சென்றவரே.

2025 இல் அமெரிக்க அரசின் அயல்நாட்டு வளர்ச்சி உதவி நிறுவனம் மூடப்பட்டது. அதன் பொருளுதவியால் பல்கலைக்கழகங்களில் நடந்துவந்த உணவு ஆய்வுத் திட்டங்கள் பல நின்றன. அவற்றில் பயின்ற மாணவர்களின் படிப்பும் தடுமாறியது. இதன் இழப்பு இவ்வாண்டு அறுவடையில் தெரியாது. பல ஆண்டுகள் கழிந்த பிறகே தெரியவரும். அப்போது அதற்குக் காரணம் எதுவென்று எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்?

மாணவ நண்பர்களே! எஜெட்டாவின் திறமையைப் பேராசிரியருக்குக் காட்டியது தம் நாட்டுச் சோளத்தைத் திரட்டிய பணியே. உங்கள் ஊர் வயலில் நீங்கள் கண்ட நோயும் களையும் வறட்சியும் ஆராய்ச்சிக்கு உரிய பொருள்களே. உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதும்போது அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.